நெகட்டிவ்காரர் பாசிட்டிவ் ஆன கதை

பணியாரக் கல்லைப் போல வரிசையாகக் குழிகள் உள்ள ஒரு சின்ன பிளாஸ்டிக் தட்டு. எங்கள் ரத்த வங்கியின் மேசையில் அதை வைத்துக்கொண்டு மூச்சைப் பிடித்தபடி காத்திருந்த அந்தப் பிற்பகல் எனக்கு நேற்று நடந்தது போல இருக்கிறது. குழிக்கு ஒருவர் என்று, கொல்லிமலை முகாமில் ரத்தம் கொடுத்தவர்களின் மாதிரிகளை அதில் விட்டிருந்தேன். டாக்ஸோபிளாஸ்மா என்ற நுண்ணுயிரியை எப்போதாவது சந்தித்த உடம்பு என்றால், கடைசி மருந்துத் துளி விழுந்ததும் அந்தக் குழி மஞ்சளாகும். இங்கொன்றும் அங்கொன்றுமாக நாலைந்து மஞ்சள் தெரியும் என்று நினைத்திருந்தேன். அம்மாடி! வரிசைக்கு வரிசை மஞ்சள் ஏறிக்கொண்டே போனது. விரல் விட்டு எண்ணத் தொடங்கியவள், விரல்கள் போதாமல் பேனாவைத் தேடினேன்.

இந்தக் கிருமியை ரத்த வங்கியில் யாரும் தேடுவது வழக்கமில்லை. கொடையாளிகளிடம் இது எவ்வளவு பரவலாக இருக்கிறது என்று பார்த்துவிடுவோமே என்று எங்கள் டாக்டருக்குத் தோன்றியது, அவ்வளவுதான். பூனையின் கழிவு கலந்த மண், சரியாகக் கழுவாத கீரை, அரைவேக்காட்டுக் கறி என்று ஏதோ ஒன்றின் வழியாக உள்ளே வரும். இரண்டு நாள் காய்ச்சல் அடிக்கலாம். பலருக்கு அதுகூட வராது. பிறகு தசையிலும் மூளையிலும் கண்ணுக்குத் தெரியாத கூடு கட்டிக்கொண்டு ஆயுசுக்கும் சிவனே என்று கிடக்கும். புதிதாகத் தொற்றிய கர்ப்பிணிக்கும் எதிர்ப்புச் சக்தி குன்றியவருக்கும்தான் ஆபத்து. மற்றவர்களுக்கு, அது வந்ததும் தெரியாது, இருப்பதும் தெரியாது. மரவள்ளி மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு செங்குத்தான பாதையில் மூச்சு வாங்காமல் ஏறுகிற மனிதர்களை நினைத்துப் பார்த்தேன். அத்தனை பேருக்குள்ளும் இப்படி ஒரு குடித்தனமா!

வேடிக்கை என்னவென்றால், சரிபார்க்கலாம் என்று கடைசிக் குழியில் என் ரத்தத்தையும் விட்டிருந்தேன். அதுவும் மஞ்சள். கறி தொடாதவள் நான், பூனையைக் கண்டாலே விரட்டுகிறவள். "ஒரு கட்டுக் கீரை போதும்மா" என்று டாக்டர் சிரித்தார். எந்த வருஷம், எந்தக் கீரை? கல்யாணத்தின்போதே இருந்ததா, பிள்ளை பெற்றபோதும் இருந்ததா? என் உடம்பை எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேனே!

மஞ்சள் குழிகளில் ஒன்று நெகட்டிவ்காரருடையது. வளப்பூர் நாட்டில் மிளகு பயிரிடுகிறவர். சொந்தப் பெயர் இருந்தாலும் பஸ் கண்டக்டர் முதல் பலசரக்குக் கடைக்காரர் வரை எல்லோருக்கும் அவர் நெகட்டிவ்காரர்தான். அவருடைய ரத்தம் ஓ நெகட்டிவ், அரிதாகக் கிடைப்பது. போன் செய்தால் மண்வெட்டியைப் போட்டுவிட்டு பஸ் ஏறி, எழுபது கொண்டைஊசி வளைவும் இறங்கி வந்து நிற்பார். "மலையில எல்லாருக்கும் மொளகு இருக்குதுங்க அம்மிணி. இந்த ரத்தம் எனக்கு மட்டுந்தானுங்க" என்று அவர் சொல்லும்போது முகத்தில் ஒரு மாப்பிள்ளைக் களை வந்துவிடும்.

முடிவுகளைக் கொடையாளிகளுக்கு அனுப்பச் சொன்னார் டாக்டர். நான் என்ன செய்தேன்? ஆளுக்கொரு சீட்டில் பெயரை எழுதி, கீழே 'பாசிட்டிவ்' அல்லது 'நெகட்டிவ்' என்று ஒற்றைச் சொல்லை எழுதி அனுப்பிவைத்தேன். எதற்கான சோதனை என்று ஒரு வரி சேர்த்து எழுத அன்றைக்கு எனக்குச் சோம்பலாக இருந்தது.

சில மாதங்கள் போயின. ஒருநாள் காலையில் பேளுக்குறிச்சிப் பக்கத்துப் பெண் ஒருத்தி, பிள்ளை பெற்ற பிறகு ரத்தப்போக்கு நிற்காமல் கிடந்தாள். அவளும் ஓ நெகட்டிவ். எங்களிடம் இருந்த ஒரே பையும் ஏறிக்கொண்டிருந்தது. கட்டட வேலைக்குப் போகும் அவள் கணவர், சிமெண்ட் ஒட்டிய சட்டையோடு என் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் நெகட்டிவ்காரருக்குப் போன் செய்தேன்.

"நான் வரமாட்டேனுங்க அம்மிணி" என்றார்.

"ஏனுங்கண்ணா, உடம்புக்கு முடியலையா?"

"உடம்பெல்லாம் நல்லாத்தானுங்க இருக்குது. ரத்தந்தான் மாறிப்போச்சு. நீங்கதானுங்க எழுதி அனுப்புனீங்க, பாசிட்டிவ்னு. தெரிஞ்சே அதக் குடுத்து அந்தப் புள்ளையக் கொல்லச் சொல்றீங்களா?"

தலையில் அடித்துக்கொண்டேன். நெகட்டிவ் உடம்பில் பாசிட்டிவ் ரத்தம் ஏற்றக்கூடாது என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்தவளே நான்தான். அதை நம்பித்தான் அந்த மனிதர் மறுக்கிறார். ரத்த வகை சாகும்வரை மாறாது, சீட்டில் இருப்பது வேறு கிருமியின் கணக்கு, அது பழைய தொற்று, தசைக்குள் தூங்குகிறது, இப்போது ரத்தம் கொடுக்கத் தடையில்லை என்று டாக்டரே பார்த்துச் சொல்லியிருக்கிறார் என்றெல்லாம் மூச்சு விடாமல் கொட்டினேன். அவர் நம்புவதாக இல்லை.

"அண்ணா, எனக்கும் அந்தச் சோதனையில பாசிட்டிவ்தான். எனக்குள்ளயும் அது இருக்குது."

"நெசமாவா? உங்களுக்குமா?"

"சத்தியமா."

"இருங்க, வாரேன்" என்றார்.

மிளகு ஏற்றிய வேன் ஒன்றில் வந்து இறங்கினார். படுக்கையில் படுக்க மட்டும் மறுத்துவிட்டார். "எம்பட கண்ணு முன்னாடி சோதிச்சுப் பாருங்க." வெள்ளைத் தட்டில் அவர் ரத்தத்தில் ஒரு துளி, பக்கத்தில் என் ரத்தத்தில் ஒரு துளி வைத்து, இரண்டிலும் வகை காட்டும் மருந்தை விட்டு ஆட்டினேன். நான் பாசிட்டிவ் வகை. என் துளி திரிந்த பாலாகக் கட்டி கட்டியாகப் பிரிந்தது. அவருடையது அப்படியே வழவழவென்று கிடந்தது. குனிந்து, மூக்கு தட்டில் இடிக்கும் அளவுக்குப் பார்த்தார். "மாறலீங்க" என்றார். "மாறவே இல்லீங்க!" எத்தனையோ ஆயிரம் தடவை செய்த சோதனைதான். அன்றைக்கு எனக்கே உடம்பு சிலிர்த்தது. ஆயுசு முழுக்க ஒரு குடித்தனக்காரனை வைத்துக்கொண்டும் தன் வகையை ஓர் அணுகூட விட்டுக்கொடுக்காத ரத்தத்தை என்னவென்று சொல்வது?

பை நிரம்பிக்கொண்டிருந்தபோது கூரையைப் பார்த்தபடியே கேட்டார்: "நடுவால ரெண்டு தடவ இங்கிருந்து கூப்புட்டாங்க. ஊர்ல இல்லீன்னு ஊட்டுல சொல்லச் சொல்லிப்போட்டேன். அவிங்க என்ன ஆனாங்க அம்மிணி?"

அந்த அழைப்புகள் வேறு யாரோ பணியில் இருந்தபோது போனவை. பதிவேட்டை எடுத்துப் புரட்டினேன். இரண்டு பேருக்கும் சேலத்திலிருந்து ரத்தம் வந்திருந்தது. "நல்லா ஊட்டுக்குப் போயிட்டாங்கண்ணா, ரெண்டு பேருமே" என்றேன். அந்த மனிதர் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார்.

மற்ற சோதனைகளும் முடிந்து பை வார்டுக்குப் போனது. சாயங்காலத்துக்குள் ரத்தப்போக்கு நின்று அந்தப் பெண் கண் விழித்துத் தண்ணீர் கேட்டாள். இன்றைக்கு அவள் பிள்ளை பள்ளிக்கூடம் போகிறது. நானும் இப்போதெல்லாம் எந்தச் சீட்டிலும் ஒற்றைச் சொல் எழுதுவதில்லை. என்ன சோதனை, என்ன பொருள், பயப்பட வேண்டுமா வேண்டாமா என்று நாலு வரி தமிழில் எழுதாமல் என் கையெழுத்து விழாது.

அன்று அவர் கிளம்பும்போது, "தப்பு என்னோடதுண்ணா. நாலு மாசமா உங்களைத் தவிக்க விட்டுட்டேன்" என்றேன். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"அத வுடுங்க. அடுத்தது எப்ப வரோணும், அதச் சொல்லுங்க."