வியாழக்கிழமைத் தொண்டைக்கட்டு

வியாழக்கிழமையானால் என் மனைவிக்குத் தொண்டை கட்டிக்கொள்ளும். அவள் சிட்னி வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரியில், தீவிர சிகிச்சைப் பிரிவில் நர்ஸ். அங்கே யாரும் குரலை உயர்த்துவதில்லை. வீட்டிலும் அவள் பேசுவது கேட்க வேண்டுமென்றால் நான் டிவியை அணைக்க வேண்டும். அப்படிப்பட்டவளுக்கு எப்படிக் கட்டும்? கேட்டால், ரயிலில் ஏசி அதிகம் என்றாள்.

நம்பியிருப்பேன். ஆனால் பிளாக்டவுனில் எங்கள் பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்து அக்காவும் அதே கரகரப்பில், "தடிமன், தம்பி" என்று ஜலதோஷத்தின் மேல் பழிபோட்டார். அக்கா ரயிலில் ஏறுவதே இல்லை.

விசாரணையைத் தொடங்கினேன். எங்கள் கொடியில் ஊதா டீ-சர்ட் ஒன்று காய்ந்தது. வேலிக்கு அப்பால் அக்காவின் கொடியிலும் அதே ஊதா. புதன்கிழமை மாலை இருவரும் ஷாப்பிங் போய் வெறுங்கையோடு திரும்பினார்கள். நான் சமையலறைக்குள் நுழைந்தால் பேச்சு நின்றது.

ஒரே நிற டீ-சர்ட், கட்டிய தொண்டை, ரகசியம். சிட்னித் தமிழனுக்கு இதெல்லாம் சேர்ந்தால் ஒரே அர்த்தம்தான்: ஆள் சேர்க்கும் சங்கிலி வியாபாரம். ஹால் பிடித்து, "என்னால் முடியும்" என்று கத்த வைப்பார்கள். நான் இதில் நிபுணன். ஒருமுறை நானே போய்க் கத்தி, வாங்கிக் குவித்த பாத்திரம் துலக்கும் திரவம் இன்னும் கராஜில் நிற்கிறது. இவள் கொண்டுவரப்போவது ஷாம்பூ என்று முடிவு கட்டி, அதற்கு இடம் இருக்கிறதா என்றுகூடப் பார்த்துவைத்தேன்.

உண்மையில் உறுத்தியது ஷாம்பூ அல்ல. எதையும் என்னிடம் மறைக்காதவள், இதை மட்டும் ஏன் மறைக்கிறாள்?

அடுத்த புதன் அக்காவின் காரைப் பின்தொடர்ந்தேன். துப்பறிகிறவன் என்பதை மறந்து, திருப்பத்துக்குத் திருப்பம் ஒழுங்காக இண்டிகேட்டர் போட்டேன். பரமட்டா தாண்டி, ஒலிம்பிக் பார்க்கில் ஒரு பெரிய உள்ளரங்கம். வாசலில் பல நாட்டுக் கொடிகள். வியாபாரம் சர்வதேச அளவிலா என்று கொடிகளை எண்ணினேன்.

உள்ளே போனால் பாஸ்கெட்பால். ஆசிய பசிபிக் நாடுகளின் கிளப்புகள் ஒன்றின் ஊருக்கு ஒன்று போய் மோதும் தொடராம். அன்று எங்கள் ஊர் கிளப்புக்கும் மணிலா கிளப்புக்கும் ஆட்டம். மணிலாக்காரன் ஒருவன் ஃப்ரீ த்ரோவுக்குக் கையைத் தூக்கினான். என் மனைவி எழுந்து நின்று, "போடாதடா தடியா, போடாத" என்று அரங்கம் அதிர அலறினாள். பந்து வளையத்தில் பட்டு வெளியே போனது. அக்கா முன்னால் இருந்த நாற்காலியை உடைப்பதுபோல் தட்டினார்.

ஆட்டம் முடிந்ததும் வாசலில் கையும் களவுமாகப் பிடிபட்டது நான்தான்.

"ஏன் எங்கிட்ட சொல்லல?" என்றேன்.

"சொன்னா வருவீங்க."

"வந்தா?"

"விளக்குவீங்க."

பிரியாணியில் என்ன மசாலா சேர்ந்திருக்கிறது என்று, அதைச் சமைத்தவளுக்கே விளக்குகிறவன் நான். நாளெல்லாம் மெதுவாகப் பேசுகிறவள், ஒன்றும் புரியாமல் கொஞ்ச நேரம் கத்த வேண்டும் என்றாள். அவ்வளவுதானா? எனக்குச் சந்தேகம் தீரவில்லை. அணியில் உயரமானவன் யாராவது இருக்கிறானா என்று இணையத்தில் தேடினேன். எல்லோருமே உயரமாக இருந்தார்கள்.

சீசனின் கடைசி உள்ளூர் ஆட்டத்துக்காவது கூட்டிப்போகச் சொல்லிக் கெஞ்சினேன். மனைவி யோசித்தாள். அக்காதான் தீர்ப்புச் சொன்னார்: "விளக்கம் சொன்னீங்கள் எண்டா, தம்பி, அடுத்த சீசன் உங்களுக்கு வீடுதான்." ஒரு வாரம் ஆபீஸ் கழிப்பறையில் உட்கார்ந்து விதிகளைப் படித்தேன். எதற்கு என்று கேட்காதீர்கள்.

அரங்கத்தில் எனக்கும் மனைவிக்கும் நடுவே ஒரு நாற்காலியைக் காலியாக விட்டு, அதில் அவளுடைய குளிர் ஜாக்கெட்டை வைத்தார்கள். ஆட்டம் சூடுபிடித்த நேரத்தில் நடுவர் விசில் ஊதினார். எங்கள் ஆள் எதிரணி வளையத்தின் கீழேயே அதிக நேரம் நின்றுவிட்டான்.

"என்னத்துக்கு ஊதினவன்?" என்றார் அக்கா.

மனைவிக்கும் தெரியவில்லை. இருவரும் என்னைப் பார்த்தார்கள். மூன்று விநாடி விதி, உட்பிரிவுகளோடு, என் நாக்கு நுனியில் வந்து நின்றது.

"தெரியலையே" என்றேன்.

மாத்திரையை விழுங்கிவிட்டதாகச் சொல்லும் நோயாளியைப் பார்ப்பதுபோல் மனைவி என்னைப் பார்த்தாள்.

"உங்களுக்குத் தெரியும்."

"சத்தியமாத் தெரியாது."

"அப்ப கத்துங்க."

எழுந்து நின்றேன். வாயில் கிரிக்கெட்தான் வந்தது. நடுவரைப் பார்த்து, "நோ பால்" என்று அடிவயிற்றிலிருந்து கத்தினேன். முன்வரிசையே திரும்பிப் பார்த்தது.

என் மனைவி, சந்தேகம் தீராத முகத்தோடேயே, நடுவிலிருந்த ஜாக்கெட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.