மாதாவுக்கு விட்ட வரிசை

பென்னாகரம் பக்கத்தில் மதலேனம்மாளின் தக்காளிக்கு ஒரு காலத்தில் நல்ல பேர். கல்யாணமாகி வந்த வருஷமே புருஷன் சவரியிடம் மல்லுக்கட்டி, ராகிக் கொல்லையில் பாதியைத் தக்காளியாக்கியவள் அவள். பெண்டாட்டி பேச்சைக் கேட்டுக் கெட்டான் என்று ஊரே சிரித்தது. கூடை கூடையாகச் சந்தைக்குப் போனதும் அதே ஊர் பல்லைக் காட்டிக்கொண்டு நாற்றுக் கேட்டு வந்தது. ஊரைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது!

கிணற்றோரத்து முதல் வரிசை மட்டும் மாதாவுக்கு. அதில் பழுப்பதெல்லாம் மாதா கோயில் திருவிழாச் சமையலுக்குப் போகும். வீட்டுக் குழம்புக்கென்று ஒரு பழம் கிள்ளமாட்டாள்.

பிறகுதான் பாழாய்ப்போன இலைச்சுருட்டை வந்தது. இலை சுருண்டு, செடி குன்றி, பூவெல்லாம் உதிர்ந்தது. இரண்டு வெள்ளாமை அப்படியே போயிற்று. எண்பத்தெட்டில் மூன்றாம் முறை நட்டபோது சவரி சொல்லிவிட்டான்: "இதுவும் போச்சுன்னா கொல்லைய வித்துட்டு பெங்களூரு போயிரலாம். கட்டட வேலைக்கு."

நாற்று வேர் பிடித்த கையோடு அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சுருள ஆரம்பித்தது. விவசாய ஆபீஸ் குப்புராஜ் வந்து பார்த்தார்.

"இதுக்கு மருந்தில்லீங்கம்மா. வெள்ளை ஈ ஒரு செடியில உறிஞ்சி அடுத்த செடிக்குக் கொண்டுபோவுது. சுருண்டத ஒண்ணு வுடாம புடுங்கிப் பொதச்சிருங்க."

கிளம்பும்போது, ஆறுதலுக்கோ என்னவோ, இன்னொன்றும் சொன்னார். "அமெரிக்காவுல நோய்க்கிருமியோட துணுக்கு ஒண்ண எடுத்து செடிக்குள்ளயே சேத்துட்டாங்களாம். அந்தச் செடிக்கு அந்த நோவு லேசுல வர்றதில்லையாம். நம்ம சுருட்டைக்கும் ஒரு நாள் அப்படி வெத வரும். அப்போ புடுங்கவே வேண்டாம்."

"எப்போ சார் வரும்?"

"பத்து வருஷமோ, இருபதோ. யாரு கண்டா?"

"அதுவரைக்கும் நாங்க இங்க இருக்கோணுமே சார்!" என்று சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே நின்றது.

அன்றே குனிந்தவள் பொழுது சாய்ந்தும் நிமிரவில்லை. ஒவ்வொன்றாகப் பிடுங்கிக் குழியில் போட்டாள். கடைசியாகக் கிணற்றோரம் வந்தாள். மாதா வரிசையில் நான்கு செடி சுருண்டிருந்தது. கை நீண்டது, திரும்பியும் வந்தது. கொடுத்ததைப் பிடுங்குவதா? தன் செடியை அந்தத் தாய்க்குக் காப்பாற்றிக்கொள்ளத் தெரியாதா? ஜெபம் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள். சவரியிடம் மூச்சு விடவில்லை.

திருவிழாக் கொடி ஏறுவதற்குள் கொல்லை முழுக்கச் சுருண்டுவிட்டது. மறுபடி வந்த குப்புராஜ் கிணற்றோரத்தைப் பார்த்தார்.

"இத ஏம்மா வுட்டீங்க? இங்கிருந்துதான் பரவியிருக்கு."

"அது எங்களுதில்லீங்க சார்."

அவர் குனிந்து சுருண்ட இலை ஒன்றைக் கிள்ளிப் பார்த்தார்.

"நீங்க சொன்ன அந்த வெத இருந்திருந்தா, இந்த வரிசையில கை வெக்க வேண்டியிருக்காதில்ல சார்?"

"இருக்காதுங்கம்மா."

சவரி அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நாலு அறை அறைந்திருந்தாலும் தேவலை என்றிருந்தது அவளுக்கு. அவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, கொல்லையை வாங்க ஆள் பார்க்கப் போனான்.

வாங்கியவர் நிலத்தைச் செடி ஒன்றில்லாமல் சுத்தமாகக் கேட்டார். பெங்களூர் பஸ் ஏறுவதற்கு முந்தின நாள் மதலேனம்மாள் கிணற்றோரம் போய், மாதாவின் செடிகளைத் தன் கையாலேயே பிடுங்கிப் போட்டாள்.