சங்கமித்ராவின் இடது கை

மர்பி டவுன் சங்கமித்ரா பதினேழு வயதில் ஓர் ஆர்கெஸ்ட்ராவில் கீபோர்டு வாசிக்கச் சேர்ந்தாள். கல்யாண ரிசப்ஷன், அம்மன் உற்சவம், ஏப்ரலில் அம்பேத்கர் ஜெயந்தி, நவம்பரில் கன்னட ராஜ்யோத்சவம் என்று வருஷம் முழுக்கக் கச்சேரி. தமிழில் இரண்டு பாட்டு, கன்னடத்தில் இரண்டு, நடுவில் ஓர் இந்தி. பேஸ் கிடார் வாசித்தவர் திடீரென்று துபாய்க்குக் கிளம்பிவிட, அந்த வேலையும் அவள் தலையில் விழுந்தது. வலது கைக்கு மெட்டு, இடது கைக்குக் கீழ்ஸ்தாயி பேஸ். பக்கத்தில் ரிதம் பேட் தட்டியவன் அவள் தம்பி பிரகாஷ். அக்காவும் தம்பியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே ஒன்றாக நிறுத்துவார்கள், ஒன்றாகத் தொடங்குவார்கள்.

பிறகு டிஜேக்கள் வந்தார்கள். ஆர்கெஸ்ட்ரா கலைந்தது. பிரகாஷ் சிட்டி பஸ் ஓட்டப் போனான். ரிதம் பேடைச் சிநேகிதன் ஒருவனுக்குக் கொடுத்துவிட்டு, அதைப் பற்றிப் பேசுவதையும் விட்டுவிட்டான். சங்கமித்ராவுக்கு எம்.ஜி. ரோடு பக்கம் ஒரு பெரிய ஹோட்டலின் லாபியில் சாயங்கால வேலை கிடைத்தது. மேனேஜர் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்.

"நல்லா வாசிங்க மேடம். ஆனா யாரும் திரும்பிப் பாக்கக் கூடாது. கெஸ்ட் பேசறதுக்கு டிஸ்டர்ப் ஆவக் கூடாது."

விநோதமான வேலைதான். சினிமாப் பாட்டு வாசித்தால் யாராவது கூடவே முணுமுணுத்துத் திரும்பிவிடுவார்கள். அதனால் அவளே மெட்டுக் கட்டத் தொடங்கினாள். அவசரமில்லாத, மழை விட்ட சாலையில் நடப்பது போன்ற மெட்டுகள். யாரும் கவனிக்காததால் தப்புச் செய்யவும் பயமில்லை. மனம் போன பக்கமெல்லாம் விரல்களை அனுப்பிப் பார்த்தாள். வருஷங்கள் ஓடியது தெரியவில்லை.

திரும்பிப் பார்த்த முதல் ஆள் டோரீன். ஞாயிற்றுக்கிழமை மதிய விருந்துக்கு அதே ஹோட்டலில் சாக்ஸபோன் வாசிப்பவள், சங்கமித்ரா வயதுதான். ஒருநாள் கையில் கேக் தட்டோடு கீபோர்டு அருகே வந்து நின்றுவிட்டாள்.

"யாரு ட்யூன் இது?"

"என்னோடதுதான்."

"இதுக்கு ஸ்மூத் ஜாஸ்னு பேரு. தெரியுமா உனக்கு?"

"நான் லாபி மியூசிக்னு நெனச்சிக்கினு இருந்தேன்."

டோரீன் சிரித்த சிரிப்பில் ரிசப்ஷனில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அன்றிலிருந்து அவள் விடவில்லை. "ஆல்பம் போடு, ஆல்பம் போடு" என்று பார்க்கும்போதெல்லாம் நச்சரித்தாள். கடைசியில் கையைப் பிடித்து இழுக்காத குறையாக தொம்மலூருக்குக் கூட்டிப் போனாள். அங்கே ஒரு தையல் கடைக்கு மேல்மாடியில் அஷ்வின் என்ற இளைஞன் ரெக்கார்டிங் ஸ்டுடியோ வைத்திருந்தான்.

அஷ்வின் கம்ப்யூட்டரில் டிரம்ஸ் போட்டுக் கொடுத்தான். அதனுடன் சேர்ந்து சங்கமித்ரா வாசித்தாள். ஒன்றும் ஒட்டவில்லை. மெஷின் முன்னால் ஓட, அவள் இடது கை பின்னாலேயே வந்தது. மறுநாளும் அப்படித்தான். அதற்கு அடுத்த நாள் அஷ்வின் அவள் வாசித்ததை வெட்டி நேர்ப்படுத்திப் போட்டுக் காட்டினான். கணக்கு சரியாக இருந்தது; உயிர் போயிருந்தது. சங்கமித்ரா ஹெட்போனைக் கழற்றி வைத்தாள்.

"விட்டுடலாம்பா. எனக்கு லாபிதான் லாயக்கு."

அஷ்வின் மெஷின் டிரம்ஸை நிறுத்திவிட்டு, அவள் இடது கை வாசித்ததை மட்டும் தனியாகப் போட்டு இரண்டு தடவை கேட்டான்.

"மேடம், உங்க கை லேட் இல்ல. யார் மேலயோ சாஞ்சுக்கற மாதிரி இருக்கு. முன்னாடி யார்கூட வாசிச்சிட்டிருந்தீங்க?"

அன்றைக்கே தம்பியைப் பார்க்கப் போனாள். டிப்போ வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்த பிரகாஷ் முழுக் கதையையும் கேட்டான்.

"லிஃப்ட்ல ஓடுமே, அந்த மியூசிக்கா?"

"ஆமாண்டா, அதேதான்."

"அதுக்கு டிரம்ஸ் வேற வேணுமா? என் கை இப்ப ஸ்டியரிங் புடிக்கத்தான் ஆவும்கா. பேஜார் பண்ணாத."

"புடிக்கலன்னா எழுந்து போயிடு. ஒருவாட்டி வந்து உக்காரு, போதும்."

அவன் கிளாஸை வைத்துவிட்டுப் போனான். ஆனால் மறுநாள் மத்தியானம் காக்கிச் சட்டையோடு ஸ்டுடியோ படியேறி வந்தான்.

"சாரிக்கா. ட்ரினிட்டி சர்க்கிள்கிட்ட ஒரே டிராஃபிக் ஜாம். ஸ்வல்ப லேட்."

அஷ்வின் அவன் கையில் பிரஷ் குச்சிகளைக் கொடுத்து, டிரம்மின் மேல் எப்படித் தேய்ப்பது என்று காட்டினான். பிரகாஷ் தேய்த்துப் பார்த்தான்.

"இன்னாக்கா இது, வூடு பெருக்கற மாதிரி இருக்குது!"

"பெருக்குடா, பெருக்கு," என்று அவள் வாசிக்கத் தொடங்கினாள்.

கொஞ்ச நேரம் தடுமாற்றம். அப்புறம் எந்த இடத்தில் என்று தெரியவில்லை, இடது கைக்குக் கீழே தரை வந்ததுபோல் இருந்தது. அவள் தாமதித்த இடத்தில் அவன் காத்திருந்தான். அவன் இழுத்த இடத்தில் அவள் சாய்ந்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அஷ்வின் இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு குதித்தான். சங்கமித்ராவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பும் பதிவாகி, ஆல்பத்தில் அப்படியே இருக்கிறது. பிரகாஷ் சொன்ன கன்னடச் சொல்லையே எடுத்து ஆல்பத்துக்குப் பேர் வைத்தவள் டோரீன்: "ஸ்வல்ப லேட்", கொஞ்சம் தாமதம்.

வெளியீட்டை மர்பி டவுனிலேயே ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வைத்தார்கள். சமுதாயக் கூடம் நிறைந்துவிட்டது. முதல் வரிசையில் அம்மா லட்சுமம்மா பட்டுப் புடவையில், சுற்றிலும் தெருப் பெண்கள். மேடையில் ஒரு பக்கம் சாக்ஸபோனோடு டோரீன், மறுபக்கம் டிரம்மோடு பிரகாஷ்; நடுவில் சங்கமித்ரா கீபோர்டு முன் உட்கார்ந்து நிமிர்ந்தாள். அத்தனை பேரும் கண் கொட்டாமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஹோட்டலில் இத்தனை காலம் ஒருவரும் இப்படிப் பார்த்ததில்லை. விரல்கள் விறைத்துப் போயின. முதல் உருப்படியை எப்படியோ முடித்தாள். கைதட்டலும் இல்லை, சத்தமும் இல்லை.

அந்த அமைதியில் லட்சுமம்மாவின் குரல் கூடம் முழுக்கக் கேட்டது.

"மித்ரா, மைக் செட்டிங்லாம் ஆயிடுச்சா? பாட்டு எப்பம்மா ஆரம்பிக்கும்?"

டோரீன் சாக்ஸபோனைக் கீழே வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். பிரகாஷ் டிரம்முக்குப் பின்னால் தலையைக் குனிந்துகொண்டான். கூடமே சிரித்தது. சங்கமித்ராவும் சிரித்து, மைக்கை இழுத்தாள்.

"பாட்டு கெடையாதும்மா. வெறும் மியூசிக்குதான். நீங்க பாட்டுக்கு பேசிக்கினு இருங்க, நாங்க வாசிக்கிறோம்."

அவ்வளவுதான், எல்லாருக்கும் நிம்மதி. பேச்சு கிளம்பியது. போண்டாவும் காப்பியும் வரிசை வரிசையாக வந்தன. அந்தச் சலசலப்பில் அவள் விரல்கள் தளர்ந்தன. இரண்டாவது உருப்படி வழுக்கிக்கொண்டு போனது. மூன்றாவதற்குள் பேச்சு தானாகவே அடங்கியது. லட்சுமம்மாவின் கால் தரையில் தாளம் போட்டது. கடைசியில் "ஒன்ஸ் மோர்" என்று கூச்சல் போட்டவர்களில் அவள் குரல்தான் பெரிது.

ஆல்பத்தைக் கேட்ட கொச்சி இசை விழாக்காரர்கள், ஒரு மாதம் கழித்து நடக்கும் விழாவில் வாசிக்க மூவரையும் கூப்பிட்டார்கள். பிரகாஷ் லீவு கேட்டு டிப்போ மேனேஜர் முன் நின்றான்.

"காரணம்?"

"ஜாஸ் சார்."

"கேஸா? டாக்டர்கிட்ட காட்னியா? வெறும் வயத்துல டீ குடிக்காதீங்கன்னா யாரு கேக்கறீங்க?"

விஷயம் புரிந்ததும் அவர் லீவு கொடுத்தார். அவன் கிளம்புமுன் தன் மொபைலில் அந்த ஆல்பத்தையும் ஏற்றி வாங்கிக்கொண்டார். கொச்சி ரயிலில் பிரகாஷ் அக்காவிடம் இதைச் சொன்னபோது, டோரீன் பொட்டலத்தைப் பிரித்து எலுமிச்சை சாதம் பங்கு போட்டுக்கொண்டிருந்தாள். பிரகாஷ் இருக்கையின் ஓரத்தில் விரல்களால் ஒரு புதுத் தாளம் தட்டிக்கொண்டிருந்தான். சங்கமித்ரா சாப்பாட்டை மடியில் வைத்துக்கொண்டு, அந்தத் தாளத்துக்கு ஒரு மெட்டு யோசிக்கத் தொடங்கினாள்.