மோகனாவின் வயிற்றெரிச்சல்

புக்கிட் ரோத்தான் பக்கம் எந்தத் தாமான் குடியிருப்பில் கேட்டாலும் மோகனாவைத் தெரியும். செம்பனைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவள். தோட்ட நிர்வாகம் வீடுகளைக் காலி செய்யச் சொன்னபோது எல்லோரோடும் மலிவு விலை வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். கணவர் இனிப்புநீர் நோய் முற்றி, சிறுநீரகம் கெட்டு, ரத்தச் சுத்திகரிப்புக்கு அலைந்தே இறந்துபோனார். அதனால்தான், பல்கலைக்கழகத்திலிருந்து தமிழ் முஸ்லிமான டாக்டர் ஹிதாயா வந்து, "நம்ம ஆளுங்க ஏன் நோய் முத்துன பிறகே கிளினிக்குக்கு வர்றாங்கன்னு நம்ம ஆளுங்களே போய்க் கேக்கணும்" என்று கோயில் மண்டபத்தில் பேசியபோது முதலில் கையைத் தூக்கியவள் மோகனா.

பயிற்சி கொடுத்தார்கள். பெயர் அட்டையில் 'சமூக ஆய்வாளர்' என்று போட்டிருந்தது. கையுறை ஆலையில் வேலை பார்த்த காலத்தில் அவள் கழுத்தில் தொங்கிய அட்டையில் வெறும் எண்தான் இருந்தது. இந்த அட்டையைச் சந்தைக்குப் போகும்போதும் அவள் கழற்றுவதில்லை.

மறு வருடம் தனுஜா ஆய்வில் சேர்ந்தாள். சுங்கை சோவிலிருந்து மருமகளாக வந்தவள். இந்த ஊரில் யாரையும் தெரியாது. மோகனாதான் அவளை வீடு வீடாகக் கூட்டிப்போய் அறிமுகம் செய்தாள். சில மாதங்களிலேயே அந்த வீடுகளில், "தனுஜா வரலியா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

மோகனாவுக்கு விளங்கவே இல்லை. தனுஜா அதிகம் பேசக்கூட மாட்டாள். போய்த் தரையில் உட்காருவாள், கீரை ஆய்ந்துகொண்டிருந்தால் தானும் ஆய்வாள். திரும்பி வரும்போது அவளிடம் கதைகள் இருக்கும்: கிளினிக்கில் மலாய் சரியாகப் பேச வரவில்லை என்று ஊழியர்கள் சிரித்ததால் மறுபடி அங்கே போகாதவர், மாத்திரை தீர்ந்ததை மருமகளிடம் சொல்லக் கூசியவர். மோகனா பிறந்ததிலிருந்து பார்த்த முகங்கள் அவை. அவளிடம் ஒருவரும் அதைச் சொன்னதில்லை.

அந்தச் சமயத்தில் அமெரிக்காவிலிருந்து ஒரு கறுப்பினப் பெண் ஆய்வாளர் வந்தார். தன் ஊரில் கறுப்பின மக்களிடையே இதே போன்ற ஆய்வு நடத்துபவர். மண்டபத்தில் அவர் பேசியதை ஹிதாயா தமிழில் சொன்னார்: "எங்க ஊர்லயும் லேட்டா வர்றாங்கன்னு எங்க ஆளுங்களத்தான் குறை சொன்னாங்க. நாங்க போய்க் கேட்டப்பதான் தெரிஞ்சது. வலிக்குதுன்னு சொன்னப்ப டாக்டருங்க யாரும் நம்பல. அதான் வர்றத நிறுத்திட்டாங்க."

மோகனா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஆனால் வீடுகளைப் பார்க்க அந்த அம்மா கிளம்பியபோது, கூட நடந்தது தனுஜா. ஊர் திரும்புமுன் அவர், அமெரிக்காவில் தங்கள் கூட்டத்தில் வந்து பேச ஒருவரை அழைத்தார். அதுவும் தனுஜாதான்.

"நல்லதுலா. போயிட்டு வா," என்றாள் மோகனா. வீட்டுக்கு வந்ததும் தனக்குள் பொருமினாள்: நான் காட்டிய வீடுகள், என் மக்கள், என் புருஷனின் சாவு. பெயர் மட்டும் இவளுக்கா?

மறுநாள் அன்னம்மா வீட்டுக்குப் போனாள். தோட்டத்தில் இவள் குடும்பத்துக்கு அடுத்த வீட்டில் இருந்தவள் அன்னம்மா. பேச்சோடு பேச்சாக மோகனா சொன்னாள்:

"அக்கா, அந்தத் தனுஜாகிட்ட பாத்துப் பேசுங்க. இங்க கேக்கறத அங்க போய்ச் சொல்லிச் சிரிக்குதாம்."

அன்னம்மா கைலியைக் கணுக்காலுக்குக் கீழே இழுத்து விட்டுக்கொண்டாள். பேச்சு தெருவெல்லாம் பரவியது. தனுஜா போன வீடுகளில், "சமையல் இருக்கு, அப்புறம் வாம்மா" என்றார்கள். அவள் முகம் வாடியதைப் பார்க்க மோகனாவுக்கு இனித்தது.

அந்த இனிப்பு நிலைக்கவில்லை. அன்னம்மா காய்ச்சலில் விழுந்து ஆஸ்பத்திரிக்குப் போனாள். இனிப்புநீரால் பாதத்தில் புண் அழுகியிருந்தது. விரல்களை எடுத்துவிட்டார்கள்.

மோகனா ஓடினாள். "ஏன்க்கா எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல?"

"ஒங்கிட்ட எப்படிச் சொல்றது?" என்றாள் அன்னம்மா. "வாயத் தொறந்தாலே ஏசுவ. மருந்து ஏன் தின்னல, சீனி ஏன் போட்டன்னு. அப்புறம் ஒம் புருஷன் செத்த கதைய எடுத்துருவ. எனக்குப் பயமா இருக்கும். தனுஜாகிட்ட காட்டலாம்னுதான் இருந்தேன். நீ அப்படிச் சொன்னியா, அப்புறம் எப்படிக் காட்டுறது?"

கட்டுப் போட்ட காலைப் பார்த்தபடி மோகனா நின்றாள். அந்த நேரத்திலும் நெஞ்சில் முதலில் குத்தியது, காட்ட நினைத்தது தனுஜாவிடம்தானே என்பதுதான். அப்படி நினைத்த தன்னைக் கண்டு அவளுக்கே அச்சம் வந்தது.

அடுத்த கூட்டத்தில், பெண்கள் எல்லோரும் இருக்கும்போது எழுந்தாள். "தனுஜா யாரு கதையையும் யாருகிட்டயும் சொல்லல. நாந்தான் பொய் சொன்னேன்."

"ஏன்க்கா?" என்றாள் தனுஜா.

"வயித்தெரிச்சல். வேற என்னா."

பின்வரிசையில் ஒருத்தி வெளிப்படையாகவே ஏசினாள். ஹிதாயா தலையைக் குனிந்துகொண்டார். தனுஜா அழவும் இல்லை, பரவாயில்லை என்று சொல்லவும் இல்லை. "அன்னம்மாக்காவோட காலுக்கு யாரு பதில் சொல்றது?" என்று மட்டும் கேட்டுவிட்டு வெளியே போனாள்.

மோகனா பெயர் அட்டையைத் திருப்பிக் கொடுத்தாள். ஹிதாயா வாங்கிக்கொண்டார், சில மாதம் பொறுத்து, "பேசாம உக்காந்து கேக்க முடியும்னா வாங்கக்கா" என்று கூப்பிட்டார். அதற்குள் தனுஜா அமெரிக்கா போய் வந்துவிட்டாள். மேடையில் அவள் நிற்கும் படம் வாட்சாப்பில் வந்தபோது மோகனா போனைக் கவிழ்த்து வைத்தாள். பிறகு எடுத்து மறுபடி பார்த்தாள்.

இப்போது அன்னம்மாவைப் புண் கட்ட கிளினிக்குக் கூட்டிப்போவது மோகனாதான். வழியில் வாயை மூடிக்கொண்டு வரப் பழகியிருக்கிறாள். பல நாள் தோற்றும் போகிறாள். தனுஜா அவளிடம் வேலைப் பேச்சு மட்டும் பேசுகிறாள்.

போன வாரம் மோகனா ஆய்வுக்காக ஒரு வீட்டுக்குப் போனாள். வயதான ஐயாவு கதவைப் பாதி திறந்து, உள்ளே விடத் தயங்கி, "அந்தப் பொண்ணு வராதா?" என்றார். பழைய நெருப்பு அப்படியே அடிவயிற்றில் பற்றியது. மோகனா வாசலில் நின்றபடியே தனுஜாவுக்குப் போன் செய்தாள்.

"ஐயாவு அண்ணன் வீட்டுக்கு வா. ஒன்னத்தான் கேக்குறாரு."

தனுஜா வந்தாள், செருப்பைக் கழற்றினாள், உள்ளே போனாள். கதவு சாத்திக்கொண்டது. மோகனா வெயிலில் மோட்டார் சைக்கிள் பக்கத்தில் நின்று, அவர்கள் பேசி முடிக்கும்வரை காத்திருந்தாள்.