கைப்பையில் இருந்த கண்ணாடி

போன வருஷம் ஆனி மாதம், எங்கள் தென்காசியில் நடந்தது இது. குற்றாலத்தில் சீசன் தொடங்கி ஊர் முழுக்கச் சாரல் அடித்துக்கொண்டிருந்தது. ஆடி பிறந்துவிட்டால் கல்யாணப் பேச்சை எடுக்க முடியாது. அதற்குள் மகளுக்கு ஒரு சம்பந்தத்தை முடித்துவிட வேண்டும் என்று நான் காலில் வெந்நீரை ஊற்றிக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தேன்.

நான் தையல்காரி. பதினெட்டு வருஷமாக வீட்டு முன்னறையில் கல்யாண ரவிக்கை தைக்கிறேன். ஒரு பெண் வாசலில் வந்து நின்றால் போதும், அவளுக்கு எந்தக் கழுத்து எடுப்பாக இருக்கும், எந்தக் கை தோளைச் சிறிதாகக் காட்டும் என்று டேப் எடுக்காமலே சொல்லிவிடுவேன். அந்த விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. இல்லையென்று சொன்னால் என் வீட்டுக்காரரே சிரிப்பார்.

மகள் கல்லூரியில் கணக்குப் பாடம் நடத்துகிறாள். ஆறு வயதிலிருந்து கண்ணாடி. அப்போது இருபத்தாறு வயது, பவர் மைனஸ் ஒன்பதரை. கான்டாக்ட் லென்ஸ் போட்டால் கண் கோவைப்பழமாகச் சிவந்துவிடும். கண்ணாடியைக் கழற்றினால் எதிரே நிற்பது ஆளா தூணா என்று அவளுக்குத் தெரியாது. பள்ளிக்கூடத்தில் சோடாபுட்டி என்று கேலி செய்தபோது அவள் அதைத் தட்டிவிட்டுப் போய்விட்டாள். எனக்குத்தான் அந்த வார்த்தை முள்ளாகத் தைத்துக் கிடந்தது. ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் எதை மறைக்க வேண்டுமோ அதை மறைத்துத் தைத்துக் கொடுக்கிறேன். என் பிள்ளை மூக்கின் மேல் உட்கார்ந்திருப்பதை மறைக்க வழியில்லையே என்று மனசுக்குள் புழுங்குவேன்.

ராயகிரியிலிருந்து ஒரு நல்ல சம்பந்தம் வந்தது. விவசாயக் குடும்பம், பையன் மோட்டார் பம்புசெட் கடை வைத்திருந்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் பெரிய கோயிலில் வைத்துப் பெண் பார்ப்பதாகப் பேச்சு. தரகரிடம் நான் கொடுத்தனுப்பியது கண்ணாடி போடாத போட்டோ. பவரைப் பற்றி மூச்சு விடவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில், முகம் கழுவப் போன மகள் கண்ணாடியைக் கழற்றி என் தையல் மேசையில் வைத்திருக்கிறாள். நான் கவனிக்காமல் அதன் மேல் லைனிங் துணியைப் போட்டு, சூடான இஸ்திரிப் பெட்டியை அழுத்திவிட்டேன். பிளாஸ்டிக் கருகுகிற வாடை வந்த பிறகுதான் துணியை எடுத்துப் பார்த்தேன். ஒரு பக்கக் கால் சுருண்டு துணியோடு ஒட்டிக்கொண்டிருந்தது. மூக்கில் உட்காரும் பாலமும் உருகியிருந்தது. ஐயோ என்று மனசு பதறியது. பதறிய அதே நிமிஷத்தில், சரி, ஞாயிற்றுக்கிழமை இதைப் போட்டுக்கொண்டு வருவேன் என்று அவள் பிடிவாதம் பிடிக்க முடியாது என்றும் தோன்றியது. அப்படித் தோன்றியதை இன்றைக்கு எழுதவே வெட்கமாக இருக்கிறது.

பஜாருக்குப் பக்கத்தில் இருக்கிற, மகளுக்கு எப்போதும் கண் பார்க்கிற கண்ணாடிக் கடைக்கு எடுத்துக்கொண்டு போனேன். அதை நடத்துகிற பெண்ணுக்கு என்னைவிடப் பதினைந்து வயது குறைவு இருக்கும். கடையநல்லூரில் பிறந்தவள், கண் பரிசோதனைக்குப் படித்தவள். அவள் வீட்டுக்காரர் துபாயில் ஒரு பெரிய மாலில் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறார். அவள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு கண்ணாடியை வாங்கி விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிரேம்தான் போய்விட்டது, லென்ஸுக்கு ஒன்றும் ஆகவில்லை என்றாள். நான் குரலைத் தாழ்த்தி விஷயத்தைச் சொன்னேன். மகள் போன் செய்து கேட்டால் திங்கள்கிழமைதான் ஆகும் என்று சொல்லிவிட வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன்.

அவள் லென்ஸைக் கழற்றித் துடைத்து வைத்தாள்.

"அக்கா, மைனஸ் ஒம்பதரைக்கு ஒரு பிள்ளைய ரெண்டு நாளு கண்ணாடி இல்லாம விடப்பிடாது. நாளைக்கு மத்தியானம் ரெடியாயிரும். கேட்டா அதத்தான் சொல்லுவேன்," என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பேச்சு அதோடு முடிந்தது என்று எனக்குப் புரிந்தது. பிறகு அவள் சுவர் அலமாரியின் மேல்தட்டில் தனியாக வைத்திருந்த ஒரு பிரேமை எடுத்து வந்தாள். வீட்டுக்காரர் லீவில் வந்தபோது கொண்டு வந்ததாம். வெளிநாட்டில் பேர்போன ஒரு பேஷன் கம்பெனியின் சரக்கு. அந்தப் பேரைப் பார்த்துவிட்டு நாலைந்து பேர் கேட்டும் கொடுக்கவில்லையாம். அவர்கள் முகத்துக்கு அது பொருந்தவில்லை என்பதுதான் காரணம்.

கையில் வாங்கியதும் என் தொழில்புத்தி விழித்துக்கொண்டது. தேன் நிறம். வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே காப்பிக்கொட்டை நிறத்தில் புகைபுகையாகக் கோடுகள். நிறம் மேலே பூசியதில்லை, பிரேமுக்குள்ளேயே ஓடியது. உள்பக்கம் மட்டும் மெலிசாகப் பாலாடை நிறத்தில் இன்னொரு அடுக்கு, நல்ல ரவிக்கைக்கு லைனிங் கொடுத்தது மாதிரி. எங்கே ஒட்டினார்கள் என்று நகத்தால் தடவிப் பார்த்தேன், தையல் தெரியவில்லை. காலை மடக்கினால் சத்தமில்லாமல் மடங்கியது. நான் அடுத்தவர் வேலையை லேசில் மெச்சுகிறவள் இல்லை. ஆனால் அதை மேசையில் திருப்பி வைக்க எனக்கு மனசு வரவில்லை, லென்ஸை இதிலேயே போடச் சொல்லிவிட்டேன்.

இது சாதாரண பிளாஸ்டிக் இல்லை, பஞ்சிலிருந்து எடுக்கிற பொருள் என்று அவள் சொன்னபோது நான் நம்பவில்லை. தகடு தகடாகச் செய்து, அடுக்கி ஒட்டி, அதிலிருந்து பிரேமை வெட்டி எடுப்பார்களாம். பிறகு மரச்சில்லு போட்ட உருளையில் நாள்கணக்கில் உருட்டி உருட்டித்தான் அந்த வழவழப்பு வருகிறதாம். இத்தாலியில் மலைப்பக்கத்து ஊர்களில் தலைமுறை தலைமுறையாக இதே வேலைதானாம். துபாய்க் கடையில் வேலைக்குச் சேருகிறவர்களுக்கு ஒவ்வொரு பிரேமின் பூர்வீகத்தையும் பாடம் மாதிரி சொல்லிக்கொடுப்பார்கள். அதை அவள் வீட்டுக்காரர் போனில் இவளுக்குச் சொல்லுவார். அப்படிக் கேட்ட ஒரு கதையையும் எனக்குச் சொன்னாள்.

பிரேமின் ஓரம் லேசாக மேலே ஏறியிருந்தது, சிரிக்கிற கண்ணின் கடைக்கோடி மாதிரி. அந்த வடிவத்தை முதலில் யோசித்தவள் அமெரிக்காவில் கடை ஜன்னல்களை அலங்காரம் செய்துகொண்டிருந்த ஒரு பெண்ணாம். ஒருநாள் கண்ணாடிக் கடை ஜன்னலைப் பார்த்திருக்கிறாள். எல்லாம் ஒரே மாதிரி, உப்புச் சப்பில்லாத வட்டங்கள். கண்ணாடி போட்டால் அழகு போய்விடும் என்று பெண்கள் அதைப் பைக்குள் ஒளித்து வைத்துக்கொண்ட காலம் அது. அவள் திருவிழா முகமூடிகளின் கண்ணைப் பார்த்துக் காகிதத்தில் வெட்டி, இப்படி ஒரு பிரேம் செய்யலாமே என்று கொண்டு போயிருக்கிறாள். பெரிய கம்பெனிகள் வேண்டாம் என்றுவிட்டன. ஒரே ஒரு கடைக்காரர் ஏற்றுக்கொண்டார். அதன்பிறகு அது ஊரெல்லாம் பரவி, துணியும் தோல்பையும் செய்துகொண்டிருந்த பெரிய பேஷன் கம்பெனிகளெல்லாம் ஒவ்வொன்றாகக் கண்ணாடி செய்ய ஆரம்பித்தனவாம்.

கதையை ரசித்துக் கேட்டேன். அந்தப் பெண்ணின் கெட்டிக்காரத்தனத்தை நினைத்து ஆச்சரியப்பட்டேன். தலையை ஆட்டினேனே தவிர, எனக்குத்தான் சொல்கிறாள் என்பது மண்டையில் ஏறவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் போனபோது வேலை முடிந்திருந்தது. பழைய லென்ஸையே இந்தச் சின்ன பிரேமுக்குத் தகுந்தாற்போல ஓரத்தை வெட்டி இறக்கியிருந்தாள். மைனஸ் லென்ஸுக்கு ஓரம்தான் தடிப்பு, அதை வெட்டினால் பாதி கனம் போய்விடும் என்று விளக்கினாள். மிச்சத் தடிப்பு பிரேமுக்குள்ளேயே அடங்கியிருந்தது. சோடாபுட்டி என்று யாரும் சொல்ல முடியாது. அளவும் வெட்டும் எனக்குத் தெரிந்த வேலை என்பதால் சொல்கிறேன், அவ்வளவு சுத்தமான கைவேலையை அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன்.

அப்படிப்பட்ட கண்ணாடியை வாங்கிவந்து நான் என்ன செய்தேன் தெரியுமா? டப்பாவோடு கைப்பையின் அடியில் வைத்து ஜிப்பை மூடினேன். எவ்வளவு அழகாக இருந்தாலும் கண்ணாடி கண்ணாடிதானே, முதலில் அவர்கள் பார்த்துவிட்டுப் போகட்டும், பிறகு கொடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். மகள் கேட்டபோது திங்கள்கிழமைதான் ஆகுமாம் என்றேன். கடைக்காரப் பெண் சொல்ல மறுத்த பொய்யைப் பெற்றவள் நானே சொன்னேன்.

கல்லூரியில் படித்த காலத்துப் பழைய கண்ணாடி ஒன்று வீட்டில் இருந்தது. பவர் குறைவு, ஒரு காலில் நூல் சுற்றியிருக்கும். கோயிலுக்கு அதையாவது போட்டுக்கொள்கிறேன் என்றாள் மகள். அதையும் வேண்டாம் என்றேன்.

"எம்மா, எனக்கு ஆள் மொகமே தெரியாதே," என்றாள்.

"அவங்களுக்கு உம் மொகம் தெரிஞ்சாப் போதும்ட்டி."

இது நான் சொன்ன பதில்.

கோயிலில் எல்லாம் முறைப்படிதான் நடந்தது. மகள் என் கையைப் பிடித்துக்கொண்டே பிராகாரம் சுற்றினாள். பையன் எதிரே நின்று இரண்டு வார்த்தை பேசினான், சிரித்தான். இவள் அவன் தோளுக்குப் பின்னால் எங்கேயோ பார்த்துப் பதில் சொன்னாள். இவ்வளவு தூரம் வந்துவிட்டுக் குளிக்காமல் போவதா என்று அவர்கள் சொல்ல, எல்லோரும் குற்றாலம் கிளம்பினோம். வண்டியில் பையனின் அம்மா என் காதோரம் கேட்டார்.

"மதினி, பிள்ளைக்கு இஷ்டமில்லையோ? எம்மவன் சிரிச்சான், அவ ஏறிட்டே பாக்கலயே."

கூச்ச சுபாவம் என்று சொல்லிச் சமாளித்தேன்.

மெயினருவியில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். என் வீட்டுக்காரர் பையனோடு ஆண்கள் பக்கம் போய்விட்டார். நாங்கள் பெண்கள் பக்கம் நின்றோம். மகள் குளிக்கவில்லை. அவள் போனும் என் பையில்தான் இருந்தது. பையனின் அம்மா தலையை நனைத்துவிட்டு வந்து துண்டு கேட்டார். எடுத்துக்கொடுக்க மகளின் கையை விட்டேன். அந்த நேரம் பார்த்துத் தண்ணீர் கூடிவிட்டது. போலீஸ்காரர்கள் விசில் ஊதி எல்லோரையும் வெளியேற்றினார்கள். கூட்டம் மொத்தமும் ஒரே தள்ளாகத் தள்ளியது. திரும்பிப் பார்த்தால் மகளைக் காணவில்லை.

கால் மணி நேரம் இருக்கும். எனக்கு அது கால் நாள். வழுக்குப் பாறை, படிக்கட்டு, பெருகி ஓடுகிற தண்ணீர், ஒன்றும் தெரியாத பிள்ளை. ஈரச் சேலையோடு அந்த அம்மாவும் என்னோடு அலைந்தார். கடைசியில், தண்ணீர் இறங்கி ஓடுகிற ஓரத்தில் இரும்புக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மகள் நிற்பதைக் கண்டேன். பத்தடி தூரம் இருக்காது. கையை ஆட்டினேன். அவள் நேராக என்னைத்தான் பார்த்தாள். பார்த்துவிட்டு, பார்வையை அப்படியே நகர்த்திக்கொண்டு போனாள். அருவிச் சத்தத்தில் நான் கூப்பிட்டதும் கேட்கவில்லை.

அன்றைக்கு நான் இலைப்பச்சை நூல்சேலை கட்டியிருந்தேன். எனக்கு முன்னால் அதே நிறத்தில் சேலை கட்டிய வேறொரு பெண் அவளைக் கடந்து போனாள். என் மகள் ஒரு கையை நீட்டி அந்தப் பெண்ணின் முழங்கையைப் பிடித்தாள். "எம்மா" என்று அவள் வாய் அசைந்தது. அந்தப் பெண் திகைத்துப்போய்க் கையை விடுவித்துக்கொண்டு போய்விட்டாள்.

எப்படிக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனேன் என்று தெரியாது. பக்கத்தில் போய், பையைத் திறந்து டப்பாவை எடுத்து, கண்ணாடியை அவள் முகத்தில் மாட்டினேன். மாட்டிய அவசரத்தில் ஒரு கால் காதுக்கு வெளியே நின்றது. அவளே சரிசெய்துகொண்டாள். இரண்டு முறை இமைத்தாள்.

"எம்மா, நீ ஏன் அழுவுத?"

அந்தத் தேன்நிறம் அவள் மாநிறத்தோடு அப்படிச் சேர்ந்திருந்தது. ஓரம் ஏறிய அந்த வளைவு அவள் புருவத்தைத் தொட்டும் தொடாமல் நின்றது. இருபது வருஷமாக அவள் முகத்தில் கண்ணாடியைப் பார்த்திருக்கிறேன். கண்ணாடியோடு அவள் முகத்தை அன்றைக்குத்தான் பார்த்தேன். என் மகள் அவ்வளவு லட்சணமாக இருந்தாள்.

பையனின் அம்மா மூச்சு வாங்க வந்து நின்றார். கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிட்டேன். ஆறு வயதிலிருந்து கண்ணாடி, மைனஸ் ஒன்பதரை, மறைத்தது நான்தான், அவள் இல்லை என்றேன். அந்த அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு மகள் பக்கம் திரும்பி, "அப்போ எம்மவன் சிரிச்சது உனக்குத் தெரியவே இல்லையாளா?" என்று கேட்டுச் சிரித்துவிட்டார்.

சம்பந்தம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அவர்கள் சரியென்று சொல்லியனுப்பியபோது, நான் அவரை இன்னும் பார்க்கவே இல்லையே என்றாள் மகள். அடுத்த வாரம் அவன் மறுபடி வந்தான், அவள் ஆர அமரப் பார்த்தாள், ஆவணியில் கல்யாணம் முடிந்தது.

ஆனால் மறக்க முடியாதது அதுவல்ல. அன்றைக்குக் குற்றாலத்திலிருந்து ஆட்டோவில் திரும்பும்போது அவள் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துத் தடவிக்கொண்டே, "எம்மா, இதை எப்ப வாங்குன?" என்று கேட்டாள். இன்னொரு பொய் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. "நேத்து மத்தியானம்" என்றேன். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெளியே மலையைப் பார்த்துக்கொண்டு வந்தாள். திட்டியிருந்தால் தேவலை.

இப்போது ராயகிரியிலிருந்து வரும்போதெல்லாம் அவள் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு முகம் கழுவப் போகிறாள். நான் அதைத் துடைத்துக் கையில் வைத்துக்கொண்டு குளியலறைக் கதவுக்கு வெளியிலேயே நிற்கிறேன், என் பிள்ளை கண் திறந்ததும் முதலில் என்னை அடையாளம் தெரிய வேண்டும் என்று.