மாலையில் சுருதி இறங்கிய டேப்

1

“நிறுத்துங்க. பாய், சுதி கூடுது. நேத்தும் இதே எடத்துலதான்.”

பூபதி சார் குச்சியால் மேசையைத் தட்டினார். காஜா பாய் கிளாரினெட்டை மடியில் வைத்தார். நான் என் ஸ்கோரைப் பார்த்தேன். பக்கம் பதினொன்று. எழுதியதில் தப்பில்லை.

எண்பதுகளின் கடைசி. ராஜபாளையத்தில் பூபதி சார் நடத்திய இசைக்குழுவுக்கு நோட்டேஷன், அதாவது இசைக்குறிப்பு, எழுதுவது என் வேலை. அவர் ஆர்மோனியத்தில் வாசித்துக் காட்டுவார். நான் எல்லா வாத்தியங்களும் ஒரே தாளில் வரும் முழு ஸ்கோராக எழுதி, ஒவ்வொருவருக்கும் அவரவர் பார்ட்டைத் தனியாகப் பிரித்துக் கொடுப்பேன். சர்ச் கொயரில் கற்ற எழுத்து அது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பள்ளி ஆண்டு விழாவுக்கு, மலையில் மழை பெய்வதைப் பற்றி ஒரு நாட்டிய நாடகம். வயலின் நான்கு, தபேலா, கிளாரினெட். இவற்றோடு இடி, காற்று, மணி, நீண்ட ஒற்றை ஸ்வரம் எல்லாம் எலக்ட்ரானிக் கீபோர்டில். கீபோர்டு சிவகாசி நண்பர் ஒருவருடையது. ஒரு ஞாயிறு காலை இரவல் வாங்கி, சாரின் பெரிய ஸ்பூல் டேப் ரெக்கார்டரில் பதிந்துகொண்டு திருப்பிக் கொடுத்தோம். மேடையில் டேப் ஓடும், அதோடு இவர்கள் வாசிக்க வேண்டும்.

ஓடும் டேப்புக்கு எப்படி ஸ்கோர் எழுதுவது? யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். எல்லா வாத்தியங்களுக்கும் கீழே டேப்புக்கென ஒரு கோடு இழுத்து, ஸ்டாப்வாட்ச் வைத்து நொடிக் கணக்கு எழுதினேன். எண்பதாவது நொடியில் மணி அடிக்கும், நீண்ட ஸ்வரம் தொடங்கும், அதன் மேல் பாய் தனியாக வாசிப்பார். தகராறு அந்த இடத்தில்தான்.

“சுதி இறங்கட்டும்னு குழாயை இழுத்து விட்டுப் பாத்துட்டேன் சார். இதுக்கு மேல இழுத்தா கையோட வந்துரும்” என்றார் பாய்.

“டேப்போட சண்டை போட முடியுமா பாய்? அது மிஷின். தப்பா வாசிக்காது. வயலின்காரவுக எல்லாம் சேந்துதான வாசிக்காக?” சார் கொஞ்சம் தயங்கினார். “சரிப்படலைன்னா உங்க பிட்டையும் கீபோர்டுலயே எடுத்துருவோம். கோவிச்சுக்கிடாதிய.”

அந்த நாடகத்தில் பாய்க்கு இருந்ததே அந்த ஒரு தனி வாசிப்புதான்.

2

வழக்கமாக மாலையில் நடக்கும் ஒத்திகை அந்த ஞாயிறு மட்டும் காலையில் நடந்தது. பாய் வாசித்தார். தேன் மாதிரி சேர்ந்தது.

“பாத்தியளா, மனசு வச்சா வருதுல்லா!” என்றார் சார்.

பாயின் முகம் சுருங்கிவிட்டது. என்னிடம் மெதுவாகச் சொன்னார். “எஸ்தரம்மா, நான் இன்னைக்கு ஒண்ணும் புதுசா செய்யலை. அப்ப அம்புட்டு நாளும் மனசில்லாமயா வாசிச்சேன்?”

திங்கள் மாலை மறுபடி சேரவில்லை. அன்று இன்னொன்றும் நடந்தது. எண்பதாவது நொடியில் வர வேண்டிய மணி எண்பத்திரண்டு தாண்டி வந்தது. என் கட்டை விரல்தான் தாமதம் என்று நினைத்தேன். செவ்வாய் மாலை இரண்டு முறை அளந்தேன். இரண்டு முறையும் எண்பத்திரண்டரை. ஞாயிறன்று சரியாக எண்பது. விரல் தப்புப் பண்ணினால் இப்படி ஒரே அளவிலா பண்ணும்?

சர்ச்சில் இருந்து, தட்டினால் எப்போதும் ஒரே சுருதியில் ஒலிக்கும் ட்யூனிங் ஃபோர்க்கை எடுத்துவந்தேன். முழங்காலில் தட்டிக் காதில் வைத்து, பாயைக் குழாயைப் பழையபடி செருகி அதே ஸ்வரம் ஊதச் சொன்னேன். இரண்டும் ஒன்றாக நின்றன. டேப்பின் சுருதிதான் கீழே இறங்கிக் கிடந்தது.

என் கொழுந்தனார் சப்ஸ்டேஷனில் ஆபரேட்டர். அன்றே அவரிடம் கேட்டேன். சிரித்துவிட்டார்.

“மதினி, கரண்டுக்கு செகண்டுக்கு அம்பது சைக்கிள் இருக்கணும். சாயங்காலம் எல்லா வீட்லயும் லைட்டு போடுவாக, லோடு ஏறும், நாப்பத்தெட்டரைக்கு இறங்கிரும். உங்க பழைய மிஷின் மோட்டார் அந்த சைக்கிளைப் பாத்துத்தான் சுத்தும். அதுவும் சேந்து மெதுவாயிரும். ஞாயித்துக்கெழம காலைல மில்லு, ஆபீஸ் ஒண்ணும் ஓடாதுல்லா? சரியா நிக்கும்.”

“நம்ம ஊர்ல மட்டுமா?”

“மெட்ராஸ் வரைக்கும் ஒரே லைன்தான், ஒரே கணக்குதான்.”

எனக்கு வியப்புத் தாங்கவில்லை. சென்னையில் யாரோ விளக்குப் போட, ராஜபாளையத்தில் பாயின் வேலைக்கு ஆபத்து வந்திருக்கிறது.

மறுநாள் எல்லார் முன்னாலும் ஃபோர்க்கைத் தட்டி, ஸ்டாப்வாட்சைக் காட்டினேன். சார் டேப் ரெக்கார்டரை நிறுத்தினார். பிறகு எழுந்து பாய் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

“பாய், நான் பேசுனது தப்பு. மன்னிச்சிருங்க.”

“விடுங்க சார். எனக்கே என் காது மேல சந்தேகம் வந்துருச்சு. பீவி கிட்டகூட கேட்டேன், எனக்குக் காது மந்தமாயிட்டான்னு.”

3

விழா மாலை ஏழு மணிக்கு. அதனால் கீபோர்டை மறுபடி வாங்கி, மாலை ஏழு மணிக்கே பதிந்தோம். மெதுவாகச் சுற்றும்போது பதிந்ததை மெதுவாகவே சுற்றவிட்டால் ஸ்வரம் சரியாக வரும். ஆனால் கரண்ட் தினமும் ஒரே மாதிரி இருக்காதே. ஸ்கோரில் நொடிக் கணக்கை எல்லாம் அடித்துவிட்டு, ‘இடி முடிந்ததும்’, ‘மணி கேட்டதும்’ என்று காதால் பிடிக்கக்கூடிய குறிப்புகளாக மாற்றி எழுதினேன். பாயின் இடத்தில் நீண்ட ஸ்வரத்தை எட்டு எண்ணிக்கை முன்னதாகவே தொடங்க வைத்தோம். அவர் கேட்டு, உதட்டால் சரிசெய்துகொள்ள அந்த நேரம் போதும்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் அன்று டேப் இம்மி அளவு ஏறித்தான் நின்றது. பாய் எட்டு எண்ணும் வரை கண்ணை மூடிக் கேட்டார். பிறகு ஊதினார். மைதானத்தில் பேச்சுச் சத்தம் அடங்கியது. சார் தாளம் காட்டுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு வந்த வருடங்களில் எழுதிய எல்லா ஸ்கோரிலும் டேப் ரெக்கார்டரை வாத்தியங்களின் வரிசையிலேயே சேர்த்து, எந்த நேரத்தில் பதிந்தது என்பதையும் எழுதி வைத்தேன். இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். வயலின்காரர்கள் ஒவ்வொரு மாலையும் டேப்பைக் கேட்டுத்தான் கம்பியை இறக்கிக்கொண்டார்கள். தபேலாவும் அப்படியே. கிளாரினெட்டை அந்த அளவுக்கு இறக்க முடியாது. அந்த மாலைகளில் சரியான சுருதியில் நின்றது பாய் ஒருவர்தான். அதனால்தான் அவர் வாசிப்பு மட்டும் சேராதது போலத் தனியாக ஒலித்தது.