கோழிப் பாட்டின் சொந்தக்காரி

கலைஞர்களைப் பேட்டி எடுக்க வருகிறவர்கள் கடைசியில் கேட்பதற்கென்று ஒரு கேள்வி வைத்திருக்கிறார்கள். "இதெல்லாம் உங்களுக்கு எங்கேருந்து வருது?" உடனே கலைஞரும் கண்ணை மேலே உயர்த்திக்கொண்டு ஒரு பதில் சொல்கிறார். எங்கள் தெருவில் குடியிருக்கும் பபூன் சேவுகப்பெருமாள் சொன்ன பதிலை யூடியூப்பில் பார்த்தேன். "தானா வருது தம்பி. மேடை ஏறி லைட்டைப் பாத்தாப் போதும், சரஸ்வதி நாக்குல வந்து உக்காந்துருவா." எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சரஸ்வதிக்கும் இந்த மனுஷருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அவருக்கு எல்லாம் வருவது என் தையல் மிஷினுக்கு நேர் எதிர் வீட்டிலிருந்து, அவர் மனைவி செந்தாமரையின் வாயிலிருந்து. பேட்டி எடுத்த தம்பிக்கு அன்று காபி கொடுத்தவளும் அவள்தான். டம்ளரை வாங்கிக்கொண்டானே தவிர அவள் முகத்தை அவன் ஏறிட்டுப் பார்க்கவில்லை.

நான் தையல்காரி. பெயர் விசாலம். காரைக்குடியைச் சுற்றி எந்த ஊரில் திருவிழா என்றாலும் நாடகம் வைக்கிறார்கள். ராஜா ராணி வருவதற்கு முன்னால் பபூன் வந்து ஜனங்களைச் சிரிக்க வைத்து உட்கார வைக்க வேண்டும். அவருக்கென்று எழுதிக் கொடுத்த வசனம் கிடையாது, அவராகத்தான் பேச வேண்டும். சேவுகப்பெருமாளுக்கு ஒரு கால் பச்சை, ஒரு கால் மஞ்சளாகத் தொளதொளவென்று கால்சட்டை தைத்துக் கொடுப்பது நான்தான். ஆள் கெட்டவர் இல்லை. குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார். அதனாலேயே அவர் செய்ததை யாருக்கும் புரியவைக்க முடியவில்லை என்பது என் எரிச்சல்.

செந்தாமரை திருப்பத்தூர்ப் பக்கத்துப் பெண். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஆத்தங்குடியில் தரைக்கல் செய்யும் பட்டறைக்கு வேலைக்குப் போகிறாள். அச்சிலிருந்து எடுத்த கற்களைத் தண்ணீர்த் தொட்டியில் அடுக்குவதும் எடுப்பதும் அவள் வேலை. சாயந்தரம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வருவாள், வந்ததும் வாய் திறப்பாள். அந்த வாய் இருக்கிறதே, அதுபோல எனக்கு வாய்த்திருந்தால் நான் எங்கேயோ போயிருப்பேன். ஒருநாள் கேஸ் தீர்ந்துபோய் இரண்டு நாளாகியும் புருஷன் கண்டுகொள்ளவில்லை. "மேடையில நீங்க ராசாவுக்கே புத்தி சொல்றீக. வீட்டுல உங்க பேரு ரேஷன் கார்டுல மட்டுந்தான் இருக்கு" என்றாள். நான் மிஷினை நிறுத்திவிட்டுச் சிரித்தேன். அடுத்த வாரம் அந்த வரி கல்லல் ஊர்ப் பக்கத்து மேடையில் ஒலித்தது. இன்று அது ரீல்ஸில் ஓடுகிறது. கீழே ஆயிரம் பேர், "அண்ணன் ஒரு ஜீனியஸ்" என்று போட்டிருக்கிறார்கள். அண்ணன்!

இதை அவளிடம் காட்டினால் சிரிப்பாள். "போகட்டும்க்கா. என் வாய்க்கொழுப்பு அவுகளுக்குச் சோறு போடுது" என்பாள். கொஞ்சம் பெருமைகூட இருந்திருக்கும். திட்டினதுதானே, திட்டு யாருக்கு வேண்டும், எடுத்துக்கொண்டு போகட்டும் என்று விட்டிருந்தாள்.

இந்த வருஷம் மாசி மாதத்தில் ஒரு மத்தியானம். பட்டறையில் சாப்பிட உட்கார்ந்தபோது கூட வேலை செய்கிற பெண் போனை நீட்டியிருக்கிறாள். "அக்கா, உங்க வீட்டுக்காரரு கோழிப் பாட்டு. ஊரெல்லாம் இதுதான்." கோழி செத்துப்போனதற்குப் பெண்டாட்டி ஒப்பாரி வைப்பதாகக் காட்சி. சேவுகப்பெருமாள் முந்தானை மாதிரித் துண்டைப் போட்டுக்கொண்டு, மூக்கைச் சிந்திச் சிந்திப் பாடுகிறார்.

"கண்ணைத் திறக்கலையே – என் பொன்னழகி
சிறகை விரிக்கலையே
கவுத்த பஞ்சாரம் – என் பொன்னழகி
இன்னும் நிமிரலையே
அரிசி எறைச்சு வச்சேன் – நீ
பசின்னு கேக்கலையே"

ஒவ்வொரு பொன்னழகிக்கும் கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறது. ஆர்மோனியக்காரர்கூட வாசிக்க முடியாமல் சிரிக்கிறார். செந்தாமரை சோற்றுக் கையோடு எழுந்து பட்டறை வேனுக்குக்கூடக் காத்திருக்காமல் பஸ் பிடித்து வந்துவிட்டாள். நேராக என் கடைக்கு வந்து தரையில் உட்கார்ந்தாள். அப்போதுதான் எனக்கு அந்தக் கதை தெரிந்தது. நான் இந்தத் தெருவுக்கு வருவதற்கு முந்தியது அது.

அவளுக்கு முதலில் பிறந்தது ஒரு பெண். இப்போது கோவையில் படிக்கிற மகனுக்கு மூத்தவள். பெயர் வைப்பதற்கு முன்பே போய்விட்டாள். பச்சைக் குழந்தை போனால் இங்கே யாரும் ஒப்பாரி வைக்க மாட்டார்கள், வைக்கவும் விட மாட்டார்கள். சத்தமில்லாமல் கொண்டுபோய்ப் புதைத்துவிட்டு வந்து குளித்துவிட வேண்டும். "அதுக்கு அழுதா அடுத்தது தங்காது. வாயை மூடு" என்று அவள் மாமியார் சொல்லிவிட்டார். மாரில் பால் கட்டிக் கொதிக்கிறது, வாயை மூடு என்றால் எப்படி மூடுவது? இவள் அடுப்படிக்குள் போய்க் கிரைண்டரைப் போட்டுவிட்டாள். அந்தச் சத்தத்துக்குள் உட்கார்ந்து அழுதாள். பகலெல்லாம் அந்த வீட்டில் கிரைண்டர் ஓடியதைத் தெருவே கேட்டது. மாவு வியாபாரம் ஆரம்பித்திருக்கிறாள் என்று பேசிக்கொண்டார்கள். யாரும் வைக்காத பெயரை அவளே வைத்தாள். ஊர் அம்மன் பெயர், பொன்னழகி. முன் அறையில் நாடகத்துக்குக் குரல் சாதகம் பண்ணிவிட்டுப் படுத்திருந்த புருஷன் காதில் மட்டும் அந்த ஒப்பாரி விழுந்திருக்கிறது.

"யாருக்கும் தெரியாம அழுததுக்கா. அதையும் எடுத்துட்டாக" என்றாள். அவள் அழவில்லை. நான் எழுந்து, அவள் சோற்றுக் கையைக் கழுவத் தண்ணீர் எடுத்து வந்தேன்.

சித்திரையில் செந்தாமரை பிறந்த ஊரில் திருவிழா. நாடகத்துக்குப் பபூன் வேறு யார், ஊர் மாப்பிள்ளைதான். அந்த ஊரில் மேடை ஏறுகிற மாப்பிள்ளைக்கு மச்சினன் வேட்டி துண்டு வைத்து மரியாதை செய்வது வழக்கம். அவள் தம்பி மலையாண்டி வீட்டுக்கு வந்து வெற்றிலை பாக்கு வைத்து அழைத்துவிட்டுப் போயிருந்தான். தன் ஊரில், தன் அம்மாவும் சின்னம்மாக்களும் உட்கார்ந்திருக்கிற கூட்டத்தில், தன் மகள் கோழியாகக் கூடாது. அவளுக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

புதுக் கால்சட்டைக்கு அளவு கொடுக்க சேவுகப்பெருமாள் என் கடைக்கு வந்திருந்த நேரம் பார்த்து அவள் வந்து கேட்டாள்.

"எங்க ஊர்ல கோழிப் பாட்டு வேண்டாங்க."

"என்ன செந்தாமரை இப்படிச் சொல்ற? அதுக்குத்தானே சனம் வருது."

"அது எங்கேருந்து வந்துச்சு?"

"தானா வந்துச்சு. ஒருநாள் மேடையில நின்னேன், வாயில வந்துச்சு."

"பொன்னழகி யாரு?"

"அம்மன் பேரு. கோழிக்கு வச்சா எடுப்பா இருந்துச்சு, வச்சேன்."

"கிரைண்டரு ஓடுச்சு. நீங்க முன் ரூம்புல படுத்திருந்தீக."

அளவு நாடா என் கையில் இருந்தது. அவர் இடுப்பைச் சுற்றிப் போட்ட நாடாவை நான் எடுக்கவும் இல்லை, இறுக்கவும் இல்லை. அவர் முகம் மாறியதைக் கிட்டத்தில் பார்த்தேன். உண்மையிலேயே மறந்துவிட்டிருந்தாரா, இல்லை, தெரிந்தேதான் பாடினாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. தெரிந்து செய்திருந்தால் அயோக்கியத்தனம். மறந்திருந்தால் அதைவிட மோசம். பெற்ற பிள்ளை போனது மறந்துபோயிருக்கிறது, ராகம் மட்டும் மறக்கவில்லை.

"சரி. உங்க ஊர்ல பாடல" என்றார், என் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு.

திருவிழாவுக்கு நானும் அவளோடு போனேன். போலீஸ் பத்து மணியோடு முடிக்கச் சொல்லிவிட்டதால் விளக்கு வைத்த கையோடு நாடகத்தைத் தொடங்கிவிட்டார்கள். பெண்கள் எல்லாம் முன்னால் சாக்கு விரித்து உட்கார்ந்திருந்தோம். சேவுகப்பெருமாள் வந்தார், குட்டிக்கரணம் போட்டார், ரேஷன் கார்டு வசனம் சொன்னார். சிரித்தார்கள். ஆனால் எல்லாரும் போனில் ஏற்கெனவே கேட்டது. பின்னாலிருந்து ஒரு குரல், "மாப்ள, கோழிப் பாட்டு!" என்றது. இன்னொரு குரல். பிறகு கைதட்டல். அவர் செந்தாமரை உட்கார்ந்திருந்த பக்கம் ஒருமுறை பார்த்தார். பார்த்தார், நான் சத்தியம் பண்ணுவேன். பார்த்துவிட்டுத்தான் துண்டை எடுத்து முந்தானையாகப் போட்டார். கைதட்டலுக்கு முன்னால் பெண்டாட்டியாவது, பிள்ளையாவது!

"கண்ணைத் திறக்கலையே" என்று அவர் ஆரம்பித்ததும் கூட்டம் கொல்லென்று சிரித்தது. செந்தாமரை எழுந்து நின்றாள். மேடைக்குப் போய்ச் சண்டை போடப்போகிறாள் என்று நினைத்தேன். போகவில்லை. நின்ற இடத்திலேயே மார்பில் கையை வைத்துக்கொண்டு, அவர் ராகத்துக்கு மேலே தன் ராகத்தை எடுத்தாள்.

"தொட்டில் கட்டுன சேல – என் பொன்னழகி
மடிப்புக் கலையலையே
பாலு கட்டி நோகுதடி – நீ
பசின்னு கேக்கலையே"

முதலில் இதுவும் நாடகம் என்று நினைத்துப் பின்னால் இருந்தவர்கள் சிரித்தார்கள். முன்னால் இருந்த பெண்கள் சிரிக்கவில்லை. ஒருத்தி ஒப்பாரி எடுத்துவிட்டால் அது பொய்யா நிஜமா என்று இந்தப் பக்கத்துப் பெண்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. எடுத்தவளைத் தனியாக விடவும் அவர்களுக்குத் தெரியாது. பக்கத்தில் போய்க் கட்டிக்கொண்டு பதில் சொல்லி அழ வேண்டும், அதுதான் முறை. அவள் சின்னம்மாதான் முதலில் வந்தார். "யாருக்குடி? யாருக்கு அழுகுற?" என்று கேட்டார். "என் மூத்தவளுக்குச் சின்னாத்தா. யாரும் அழலையே அவளுக்கு" என்றாள் செந்தாமரை. அவ்வளவுதான். சாக்கில் இருந்தவர்கள் ஒவ்வொருத்தராக எழுந்து வந்து தோளில் கை போட்டு வளைத்துக்கொண்டார்கள். என் பேத்தியே என்று அவள் அம்மா, என் மருமகளே என்று ஒருத்தி. இருபது வருஷம் கழித்து அந்தக் குழந்தைக்குச் சொந்தம் எல்லாம் வந்து சேர்ந்தது. நானும் அந்த வளையத்துக்குள் போனேன், அழுதேன். அழும்போதும் எனக்குக் கோபம் தீரவில்லை.

மேடையில் ஆர்மோனியம் நின்றுவிட்டது. மலையாண்டி வேட்டி துண்டு வைத்த தட்டோடு பக்கத்தில் நின்றிருந்தான். அவன் மாமாவை ஏறிட்டுப் பார்க்கவில்லை. வேட்டியையும் துண்டையும் மைக் கம்பியில் மாட்டிவிட்டு இறங்கிப் போய்விட்டான். சேவுகப்பெருமாள் பச்சைக் காலும் மஞ்சள் காலுமாக நடுமேடையில் நின்றார்.

இதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்கவே மாட்டேன். யாரோ எல்லாவற்றையும் போனில் எடுத்திருக்கிறார்கள். அடுத்த வாரமே அது ஊரெல்லாம் சுற்றியது. கீழே என்ன எழுதியிருந்தார்கள் தெரியுமா? "கண்ணீர் வரவைத்த புதிய முயற்சி." "அந்த அக்கா யார், செம நடிப்பு." முயற்சியாம்! நடிப்பாம்!

ஒருநாள் காலை, தெருக்குழாயில் செந்தாமரை தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். நான் கடை திறந்துகொண்டிருந்தேன். சேவுகப்பெருமாள் போனைக் கையில் வைத்துக்கொண்டு அவளிடம் வந்தார். ஊரிலிருந்து வந்ததிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சு அதிகம் இல்லை.

"காளையார்கோயில் பக்கத்துல ஒரு திருவிழாக் கமிட்டிக்காரவுக கூப்புட்டாக. உன்னையும் கூட்டிட்டு வரச் சொல்றாக. நான் பாடும்போது கூட்டத்துலேருந்து நீ எந்திரிச்சு, அன்னைக்கு மாதிரியே..." என்றார். அவளுக்குக் கோபம் வரப்போகிறது என்று நினைத்து அவசரமாகச் சேர்த்துக்கொண்டார். "கிண்டலுக்குச் சொல்லல செந்தாமரை. நீ அன்னைக்கு அழுதது பெரிய கலை. எனக்கே சிலிர்த்துப்போச்சு."

மனதாரத்தான் சொன்னார். எனக்குக் கையில் கத்தரிக்கோல் இருந்தது. நல்லவேளை, நடுவில் தெரு இருந்தது.

செந்தாமரை கத்தவில்லை. குடத்தைக் கீழே இறக்கி வைத்தாள். ஈரக் கையைச் சேலையில் துடைத்தாள்.

"வாரேன். அதுக்கு முன்னாடி நீங்க ஒரு தடவை அழுங்க. உங்க புள்ளைக்கு. இங்குட்டு, என் முன்னாடி."

அவர் சிரிக்கப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். பிறகு, மைக் முன்னால் செய்வதுபோலத் தொண்டையைக் கனைத்துக்கொண்டு மெல்ல ஆரம்பித்தார்.

"கண்ணைத் திறக்கலையே..."

"அது என்னோடது" என்றாள் செந்தாமரை. "உங்களோடதை அழுங்க."

அவர் வாயைத் திறந்தார். மூடினார். மறுபடியும் திறந்தார். ஆத்தங்குடி வேன் வந்து ஹாரன் அடித்தது. செந்தாமரை வேனில் ஏறாமல் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.